ரப்பரால் அழித்த எலக்ட்ரான்கள்

குழுவில் நீங்கள் போட்ட ஒன்பதாம் வகுப்புப் படத்தை நானும் பார்த்தேன். அதற்குக் கீழே உங்களில் ஒருத்தி, 'நம்ம காப்பியடிச்ச பார்ட்டி இதில் இல்லையே, எங்கே போச்சு?' என்று எழுதியிருந்ததையும், அதற்குப் பன்னிரண்டு பேர் விழுந்து சிரிக்கும் முகங்களைப் போட்டிருந்ததையும் பார்த்தேன். மறுநாள் அதே குழுவில் ஓர் அறிவிப்பு. கெமிஸ்ட்ரி டீச்சர் ஓய்வு பெறுகிறார், இடப்பள்ளியில் ஹால் பிடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று, வரவேற்புரை நான் பேச வேண்டும். காரணமும் சொல்லியிருந்தீர்கள். டீச்சரால் கெமிஸ்ட்ரி படித்து மேலே வந்தவள் நான் ஒருத்திதானாம்.

மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்தேன். நான் சண்டைக்காரி இல்லை. மகளின் டைரியில் அவளுடைய டீச்சர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினாலே இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் இந்தத் தடவை அழிக்கப் போவதில்லை. தமிழில் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு மலையாளம் வாசிக்கிற வேகத்தில் தமிழ் வராது என்று தெரியும். வீட்டில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை முதலில் வாசிக்க வேண்டியவளுக்குத் தமிழ்தான் சரளம்.

அந்த வருடம் பாடப்புத்தகம் வந்து சேரவில்லை, நினைவிருக்கிறதா? ஓணம் விடுமுறை முடிந்த பிறகுதான் வந்தது. வந்ததும் வகுப்புக்குப் பாதிதான். கெமிஸ்ட்ரி டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, அடுத்தடுத்த எண்ணாக இரண்டிரண்டு பேரை எழுப்பி, இருவருக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தார். "தம்மில் பங்கு வச்சு படிக்கணும். சண்டை கூடாது கேட்டோ" என்றார். என் எண்ணுக்கு முந்தைய எண் என் பெஞ்சுக்காரியுடையது. ஆறாம் வகுப்பில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவள். அப்பா கட்டட வேலை. அம்மா கொச்சங்காடியில் ஒரு குடோனில் சுக்கு பொறுக்கும் வேலை. என் அப்பா கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறோம் என்பதால் எங்கள் வீட்டில் அவர்களை 'பாண்டிக்காரர்கள்' என்று சொல்வார்கள். சொல்பவர்களும் வீட்டில் பேசுவது தமிழ்தான். அந்தக் கூத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

புத்தகம் ஒருநாள் அவள் வீட்டில், ஒருநாள் என் வீட்டில். அவள் வீட்டிலிருந்து வரும்போது அதில் சுக்கு வாசனை அடிக்கும். பக்கத்தைத் திருப்பினால் தும்மல் வரும். என் வீட்டிலிருந்து போகும்போது அப்பாவின் சட்டையிலிருந்து ஒட்டிய ப்ளீச்சிங் பவுடர் நெடி. சில வாரத்தில் இரண்டும் கலந்து வேறு ஒரு வாசனையாகிவிட்டது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடும் இருந்தது. படித்து முடித்த பத்தியின் ஓரத்தில் அவள் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். எனக்கு எங்கே சந்தேகமோ அங்கே நான் ஒரு பெருக்கல் குறி போடுவேன். மறுநாள் அவள் அந்தக் குறிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொல்லித் தருவாள். பக்கத்துக்கு இரண்டு புள்ளி இருந்தால் இருபது பெருக்கல் குறி இருக்கும். ஓரத்தில் இடம் போதாமல் வரிகளுக்கு நடுவில், வாய்பாடுகளின் தலையில் எல்லாம் போட்டுவைப்பேன்.

இதைக் கவனியுங்கள். சந்தேகம் என்னுடையது. தீர்த்து வைத்தவள் அவள். ஆனால் அவளுக்கு மலையாள எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். டீச்சர்கள் பார்த்தது எழுத்தை.

டிசம்பர் தொடங்கியதும் டீச்சர் வந்து, பி டிவிஷனுக்குப் புத்தகமே வரவில்லை, எல்லோரும் வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும், ஒரு கோடுகூட இருக்கக் கூடாது என்றார். கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு ஆகும் பாடத்தை டீச்சர் ஒரே பீரியடில் ஓட்டி முடித்தார். போர்டில் ஒரு படம்கூட வரையவில்லை. "படம் எல்லாம் புத்தகத்தில் உண்டு, நோக்கிக்கோ" என்றார். எந்தப் புத்தகத்தில் நோக்குவது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி இரண்டு நாள் புத்தகம் அவளிடம் இருந்தது. ஓணத்திலிருந்து பாடக் குறிப்பு எழுதிவந்த நோட்டிலேயே மீதிப் பாடங்களின் குறிப்பையும் படங்களையும் எழுதிச் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பழுப்பு அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு. சாக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தாள் முழுக்க மஞ்சளாகத் தூசி. எழுதிவிட்டு, ரப்பரை எடுத்து எங்கள் புள்ளிகளையும் பெருக்கல் குறிகளையும் ஒன்று விடாமல் அழித்துப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். மறுநாள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கு எம்புட்டுச் சந்தேகம்? படத்தக்கூட விடலியே! அழிச்சு அழிச்சுக் கை ஓஞ்சு போச்சு. ஒரு எடத்துல தாளே ஓட்டையாயிட்டு."

நான் சிரித்தேன். என்ன படம் என்று கேட்கவில்லை. அந்தப் பாடத்தை நான் அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை என்பதும் அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

பரீட்சைக்கு முந்தைய நாள் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்தோம். குளோரின் மூலக்கூறு. இரண்டு வட்டங்கள் ஒன்றில் ஒன்று பாதி ஏறி நிற்கின்றன. இடது வட்டத்தைச் சுற்றி ஆறு புள்ளி, நடுவில் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. வலது வட்டத்தில் ஒன்றுமே இல்லை.

"இதுக்கு ஏன் ஒண்ணும் இல்லை? இதுவும் குளோரின் அல்லே? அதுக்கும் ஏழு வேண்டாமா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொடுக்கிற அணுவோடத மட்டும் காட்டுவாங்களா இருக்கும். இந்தா, இதுட்ட ஏழு இருக்கு. ஒண்ண நடுவுல வைக்கி. ரெண்டும் சேந்து பிடிச்சுக்கிடுதுவ."

"ஒண்ணுமே இல்லாததோட எதுக்கு இது பங்கு வைக்கணும்?"

"இல்லாததுக்குத்தானட்டி கொடுக்கணும்."

அது அவ்வளவு நியாயமாக இருந்தது. எனக்கு முதலில் பாடத்தின் மேல் சந்தேகம் வந்தது, பிறகு என் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது, பேசாமல் மனப்பாடம் செய்தேன். ஆக்சிஜனும் அப்படித்தான். ஒன்று முழுக்கக் கொடுக்கும், இன்னொன்று முழுக்க வாங்கிக்கொள்ளும். நோட்டை மூடும்போது அவள் சொன்னாள்: "இந்தப் பரீட்சையில ஒரு பாடத்துல தோத்தாலும் குடோன்தான்னு எங்கய்யா சொல்லிட்டாரு. கணக்கும் இங்கிலீஷும் தேறிருவேன். கெமிஸ்ட்ரிதான் எனக்குப் பிடிச்சது, அதுல பயமில்ல."

விடுமுறை முடிந்து விடைத்தாள் கொடுத்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டீச்சர் இரண்டு தாள்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். "உலகத்தில் எவனும் வரைக்காத குளோரின் இங்கே ரெண்டு பேர் வரைச்சிட்டுண்டு. பாதி எலக்ட்ரான் ஆவியாய்ப் போச்சு!" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஒண்ணு அசல், ஒண்ணு போட்டோஸ்டாட்" என்றாள். அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள். அவளுக்குத் தெரியும்.

"சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணாக வரலாம். தப்பு ஒண்ணாக வருமோ?" என்று டீச்சர் கேட்டார். கேள்வி சரியானதுதான். அதற்குப் பதில் தேடும் பொறுமை மட்டும் அவரிடம் இல்லை. இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தது அவர். அதைப் பிடுங்கிக்கொண்டது அவர். படம் வரையாமல் போனது அவர்.

என் பெஞ்சுக்காரி எழுந்து நின்றாள். "நான் பாக்கல டீச்சர். அவளும் பாக்கல. ஒரே நோட்டுல படிச்சோம்."

"அந்த நோட்டு எவிடே?"

மறுநாள் நோட்டைக் கொண்டு வந்தாள். தலைமை டீச்சர் அறையில் நாங்கள் இருவரும், எங்கள் அம்மாக்கள் இருவரும் நின்றோம். அவளுடைய அம்மா குடோனிலிருந்து நேராக வந்திருந்தார். சுக்கில் பூசுகிற சுண்ணாம்பு முழங்கை வரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவருக்கு நாற்காலி போடவில்லை. என் அம்மாவுக்குப் போட்டார்கள். கெமிஸ்ட்ரி டீச்சர் நோட்டைப் புரட்டினார். அதே படம், அதே பாதிக் குளோரின். நான் மூச்சு விட்டேன். தீர்ந்தது என்று நினைத்தேன்.

"இது ராத்திரி உட்கார்ந்து உண்டாக்கியது" என்றார் டீச்சர். "தப்பை மறைக்க ஒரு நோட்டையே எழுதியிருக்கா. புத்தி பார்த்தீர்களா இந்தக் குட்டிக்கு?"

இருநூறு பக்கம். நான்கு மாதத்துப் பாடம். தூசி ஏறிய தாள்கள். ஒரே ராத்திரியில்! என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பில் நான்கு பக்கம் எழுதவே ஒரு சாயங்காலம் ஆகிறது. இதைச் சொன்ன டீச்சருக்குத்தான் நீங்கள் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள்.

பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "மோளே, பயப்படண்டா. நீ நல்ல குட்டி. இவள் உன் பேப்பரை நோக்கி எழுதியதல்லே?"

பரீட்சை ஹாலில் எண் வரிசைப்படி அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பார்த்து எழுதுவதானால் நான்தான் எட்டிப் பார்த்திருக்க முடியும். அதை யாரும் கேட்கவில்லை. ஹாலில் நின்ற டீச்சரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நல்ல கையெழுத்து கொடுக்கும், கோணல் கையெழுத்து வாங்கும். இங்கேயே பிறந்தவள் கொடுப்பாள், பிழைக்க வந்தவள் வாங்குவாள். எங்கள் இரண்டு தாள்களில் இருந்த அதே பாதிப் படத்தைத்தான் அந்த அறையில் எல்லோரும் மனதில் வரைந்து வைத்திருந்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, இடுப்பில் அழுத்திக் கிள்ளினார். "இவ பேப்பரைக் காட்டியிருக்க மாட்டா டீச்சர். அவ திரும்பிப் பார்த்திருப்பா. எங்க குட்டிக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆமாம் என்று சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை. இத்தனை வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். இல்லை என்றும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவளுடைய அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். தலைமை டீச்சரைப் பார்த்து, "எம்பிள்ள தோத்துட்டாளாம்மா?" என்றார். காப்பியடித்தாளா என்று அவர் கேட்கவே இல்லை. அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

என் தாளுக்கு மதிப்பெண் இருந்தது. அவள் தாளுக்கு முட்டை. ஜனவரி இரண்டாவது வாரத்திலிருந்து என் பெஞ்சில் நான் மட்டும். பள்ளி விட்டு வரும்போது கொச்சங்காடி வழியாக வந்தால் குடோன் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் சுற்றுவழியில் வர ஆரம்பித்தேன். அம்மா ஏன் தாமதம் என்று கேட்பார். ஸ்பெஷல் கிளாஸ் என்பேன். என் அம்மாவைக் கேட்டால் இன்றைக்கும், 'பிள்ளை பேர் கெடக் கூடாதுன்னு நினைச்சது தப்பா?' என்பார். நானும் இப்போது ஒரு பிள்ளைக்கு அம்மா. அந்த அறையில் நாளை என் மகளுக்குப் பின்னால் நான் நின்றால் என் கை எங்கே போகும் என்று சில நாள் யோசிக்கிறேன். பதில் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் அம்மா செய்தது சரி என்று ஆகிவிடாது.

ஆண்டுப் பரீட்சைக்கு முன்னால் பி டிவிஷன் பிள்ளை ஒருத்தியிடம் புத்தகத்தை ஒருநாள் இரவல் கேட்டேன். அவள் தந்தது எங்கள் பழைய புத்தகமே. திறந்ததும் தும்மல் வந்தது. குளோரின் பக்கம் வந்தது. இடது வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். வலது வட்டத்தில் தாள் சொரசொரவென்று தேய்ந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அரைகுறையாக அழிந்த பெருக்கல் குறிகள். ஆறு எண்ண முடிந்தது. நடுவில் ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஓட்டை.

ஓர் அணுவின் எலக்ட்ரானைப் புள்ளியாலும் மற்றதன் எலக்ட்ரானைப் பெருக்கல் குறியாலும் காட்டியிருந்தார்கள். மட்டமான அச்சு, பென்சில் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. என் சந்தேகங்கள் என்று நினைத்து அவள் ரப்பரால் தேய்த்தது இன்னொரு குளோரினின் எலக்ட்ரான்களை. நோட்டில் விட்டுவிட்டதும் அவற்றைத்தான். உலகத்தில் வேறு எந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஒரே புத்தகத்தை இரண்டு பேராகப் பங்கு வைத்து வாழ்ந்த எங்களுக்குத்தான் வரும்.

உடனே புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீச்சர்கள் அறைக்கு ஓடினேன். கெமிஸ்ட்ரி டீச்சர் சாயா குடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். பக்கத்தைச் சாய்த்துக் காட்டினேன். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அது எனக்குத் தெரியும், அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"அது முடிஞ்ச விஷயம் அல்லே" என்றார். "அந்தக் குட்டி இப்போ பள்ளிக்கூடத்தில் இல்லையே. நீ உன் பரீட்சைக்குப் படி."

"அவளைத் திரும்பக் கூப்பிடலாம் டீச்சர்."

"பள்ளிக்கூடப் புத்தகத்தைக் கேடாக்கியதுக்கு முதலில் பதில் சொல்லு." இதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

டீச்சர் ஐம்பது தாள் திருத்திக் களைத்திருப்பார், ஒரு மனிதருக்குத் தப்பு வரும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் வந்தது தப்பு. டிராயரைப் பூட்டியது தப்பில்லை, தெரிந்தே செய்தது.

பிறகு நான் கெமிஸ்ட்ரி எடுத்துப் படித்தேன். ஏலூரில் ஒரு கம்பெனி லேபில் மகள் பிறக்கும் வரை வேலை பார்த்தேன். நாங்கள் மலையாளத்தில் சஹசம்யோஜக பந்தனம் என்று உருப்போட்டதற்குத் தமிழில் சகப்பிணைப்பு என்று பெயர். குளோரினில் இரண்டு அணுவுக்கும் வெளிச்சுற்றில் ஏழு ஏழு எலக்ட்ரான் இருக்கும். எட்டு இருந்தால்தான் இரண்டும் நிலைகொள்ளும். அதனால் இது ஒன்று, அது ஒன்று என்று நடுவில் வைத்து, அந்த ஜோடியை இரண்டும் தன்னுடையதாக எண்ணிக்கொள்கின்றன. யாரும் யாருக்கும் தானம் செய்வதில்லை. சேர்ந்த பிறகு எது யாருடையது என்று எந்த லேபிலும் பிரித்துச் சொல்ல முடியாது, எலக்ட்ரானுக்கு அடையாளம் கிடையாது. புள்ளியும் பெருக்கல் குறியும் பிள்ளைகளுக்குப் புரிவதற்காகப் போடுவது. இதைப் பாடமாக நடத்துகிற ஒருவர் எங்களை நிற்க வைத்து, இது யாருடையது, யார் யாரிடமிருந்து எடுத்தது என்று கேட்டாரே!

போன வாரம் அவளைத் தேடிப் போனேன். இடப்பள்ளியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தளப் பொறுப்பாளராக இருக்கிறாள். உங்கள் ஹாலிலிருந்து நடந்து போகிற தூரம். கல்யாணத்துக்குப் பிறகு, பெரியவர்களுக்கான பத்தாம் வகுப்பு எழுதித் தேறியிருக்கிறாள். புத்தகத்தில் நான் பார்த்ததையும் டீச்சர் அதை டிராயரில் பூட்டியதையும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அதில் முதல் பாதியை அவளே முந்திச் சொல்லிவிட்டாள்.

"அந்தப் பத்தாங்கிளாசுப் புஸ்தகத்தத் தொறந்து குளோரினப் பாத்தேன் பாரு, கிளாசுல எல்லாரும் திரும்பிப் பாக்க சிரிச்சிட்டேன். ஒஞ் சந்தேகத்தை எல்லாம் கவர்மெண்டே அச்சடிச்சு வச்சிருக்கு!"

நான் சிரிக்க முடியாமல் அழுதேன். அவள் கடைப் பையனிடம் சாயா சொல்லிவிட்டு, நான் இதுவரை எழுதியதைக் கையில் வாங்கி, துணி அடுக்கின் மேல் சாய்ந்து நின்று வாசித்தாள். அப்போது இதில் 'பாவம்' என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. நான்கையும் பேனாவால் அடித்தாள். நான் அவளுக்கு உதவி செய்துவந்ததாக ஒரு பத்தி இருந்தது. அதை முழுவதுமாக அடித்தாள்.

"ஒனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். நோட்டு எழுதுனது நான். படத்துல விட்டதும் நான்தான், அதுவும் இருக்கட்டும். நீ கேள்வி கேட்ட. நீ கேக்கலன்னா எனக்கும் பாதி வெளங்கியிருக்காது. அப்படி எழுது."

அப்படியே மாற்றி எழுதியிருக்கிறேன்.

"அந்தக் கூட்டத்துக்கு வருகிறாயா?" என்று கேட்டேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், வரச் சொல்வது சரியா என்றும் தெரியவில்லை.

"வாரேன். ஒரு மணி நேரம் பெர்மிஷன் போடுறேன். ஆனா நீ பேச வேண்டாம். நான் பேசுதேன்."

ஆகவே அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன் வரவேற்புரை என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள். முழுப் பெயர் வேண்டும், 'பார்ட்டி' வேண்டாம். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நாங்கள் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொள்கிறோம். டீச்சர் எப்படியும் அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

மேடையில் என்ன சொல்லப் போகிறாள் என்று அவளிடம் கேட்டேன். எனக்குப் பயம்தான், தெரிந்துகொண்டால் நல்லது என்று பட்டது. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்ல மாட்டேன். சொன்னா, அதையும் ஒன்னப் பாத்துத்தான் காப்பியடிச்சேம்பாங்க."